லேபிள் கிழியாத பெட்டி

உக்காருங்க சார். அந்த மூடை மேல வேணாம், கம்பி குத்தும். இந்தா, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. சீனிச்சாமியப் பத்தித்தானே கேக்குறீக? நல்ல மனுசன். நாணயமான ஆளு. நாலு மாசம் இந்தக் கடையில வேலை பாத்தாரு, ஒரு ஆணி கூட அவரு பையோட வீட்டுக்குப் போகல. இத எழுதிக்கங்க. உங்க டெலிவரி கம்பெனிக்கு இப்பிடி ஒரு ஆளு தேடுனாலும் கிடைக்காது. எழுதிட்டீகளா? அப்ப டீ சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க.

கேள்வி இன்னும் இருக்கா? என்னது, போலீஸ் விசாரணைன்னு உங்க போன்ல வருதா? ஆமா, கூப்புட்டாக. ரெண்டு நாள் உக்கார வச்சாக, அனுப்பிட்டாக. கேஸெல்லாம் கிடையாது. காரணம் என்னன்னு எழுதாம மேல அனுப்ப முடியாதா? அனுப்பலேன்னா அவருக்கு வேலை இல்லையா?

சரி சார். காரணம் தெரியும். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும். சொல்றேன், ஆனா நான் பேசப் பேச நீங்க போன்ல தட்டிக்கிட்டே இருக்காதீக, எனக்குப் பேச்சு வராது. எத எழுதணும், எத எழுத வேணாம்னு கடைசியில நானே சொல்றேன்.

இந்த அருப்புக்கோட்டையில பழைய பேப்பர் கடை போட்டு இருபத்தாறு வருசமாச்சு எனக்கு. முந்தியெல்லாம் பேப்பரு, பரிச்சை முடிஞ்ச நோட்டு, பாட்டிலு, பிஞ்ச குடம், அவ்வளவுதான். இப்பப் பாருங்க அங்கிட்டு. கூரையத் தொடுது அட்டைப்பெட்டி. ஊரே போன்ல சாமான் வாங்குது. அங்க எங்கயோ ஒரு குடோன்ல பெட்டியில போட்டு, மேல ஒரு லேபிள ஒட்டி அனுப்புறான். அது நாலு ஊரு மாறி, நம்ம பைபாஸ்ல இருக்கிற டெலிவரி ஆபீசுக்கு வந்து, சீனிச்சாமி மாதிரி ஒரு ஆளு வண்டியில ஏறி, வீட்டு வாசலுக்குப் போகுது. சாமான எடுத்துக்கிட்டுப் பெட்டிய மூலையில போடுறாக. மாசக் கடைசியில அது என்கிட்ட வருது. ஆரம்பிச்சு வைக்கிறது எவனோ, முடிச்சு வைக்கிறது நானு.

யாரு வீட்டுக்கு என்ன வருதுன்னு எனக்குத் தெரியும் சார். அவுக சொந்தக்காரங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். ஒரு வாத்தியார் வீட்டுக்கு மாசம் ஒருக்கா முடி வளர்ற எண்ணெய் வருது. மனுசனுக்குத் தலை அப்பிடியே பளபளன்னு கெடக்கு. சிரிங்க, தப்பில்ல. நானும் சிரிச்சவன்தான். எனக்கு அதுல ஒரு பெருமை இருந்துச்சு, ஊருல யாரும் என்கிட்ட எதையும் மறைக்க முடியாதுன்னு.

அந்த லேபிள்ல பேரு, கதவு நம்பரு, தெரு, பின்கோடு எல்லாம் இருக்கும். போன் நம்பர சில கம்பெனிக்காரன் மறைச்சு அடிச்சிருப்பான், சிலவன் முழுசா அடிச்சிருப்பான். சில பெட்டியில பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டி, உள்ள பில்ல மடிச்சு வச்சிருப்பான். என்ன சாமான், என்ன விலை, என்ன தேதி, ஆர்டர் நம்பரு, அம்புட்டும் அதுல.

போன வருசம் ஆடி மாசம் ஒருத்தன் வந்தான். சட்டைய இன் பண்ணி, கழுத்துல ஒரு அட்டை மாட்டி, பாக்க உங்கள மாதிரியே இருந்தான். கோவிச்சுக்கிறாதீக, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். பேரு பிரவீனாம். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. "எங்க கம்பெனி சர்வே எடுக்குதுங்க அண்ணா, எந்தத் தெருவுல என்ன வாங்குறாங்கன்னு பாக்குறோம். அட்டை வேண்டாம்ங்க, மேல ஒட்டியிருக்கிறது மட்டும் கிழியாம வேணும்" அப்பிடின்னான். நம்பர் முழுசா தெரியுற லேபிளுக்கு ஒரு விலை. பில்லும் சேந்திருந்தா அதுக்கு மேல. ஒரு கிலோ அட்டையில கிடைக்கிறது எனக்கு மூணு லேபிள்ல கிடைச்சுச்சு.

சர்வேக்கு எதுக்குடா போன் நம்பருன்னு கேட்டிருக்கணும்ல? கேக்கல. நமக்கென்ன தெரியும், படிச்சவுக ஆயிரம் சோலி பாப்பாக. எம்பொண்டாட்டி பாக்கியந்தான் கேட்டா. "ஏங்க, அட்டைய விட்டுப்போட்டு ஒட்டுன காகிதத்த மட்டும் காசு குடுத்து வாங்குறானே, எதுக்கு?" "உனக்கு எதுக்கு அது, போயி சோலியப் பாரு"ன்னேன். அவ விடல. "அப்பிடின்னா நம்ம மருமக வாங்குற பெட்டி லேபிள மட்டும் ஏன் கிழிச்சு அடுப்புல போடுறீக?"ன்னு கேட்டா. அது ஒரு பழக்கம் சார். சும்மா ஒரு பழக்கம். இத எழுதாதீக.

லேபிளக் கிழியாம எடுக்கிறது லேசு இல்ல. எம்பொண்ணு முடி காயவைக்கிற மிஷின் ஒண்ணு வீட்டுல சும்மா கெடந்துச்சு. அத வச்சு லேசா அனல் காட்டுனா பசை இளகும். ஓரத்துல இருந்து மெதுவா உரிச்சா, காகிதம் அப்பிடியே வாழை இலை கணக்கா வரும். அந்தப் பயலே அசந்துட்டான். "மதுரையில கூட இம்புட்டு சுத்தமா யாரும் எடுக்கிறதில்லைங்க அண்ணா"ன்னான். எனக்குப் பூரிப்பு. மதுரையிலயும் எடுக்கிறாகளான்னு அப்பக்கூட நான் கேக்கல பாருங்க.

இப்ப டீச்சரம்மா கதைக்கு வர்றேன். குருவம்மா டீச்சர், திருச்சுழி ரோட்டுல வீடு. அங்கன்வாடியில முப்பது வருசம் புள்ளைகளப் பாத்து, போன வருசந்தான் ரிட்டயர் ஆனாக. வீட்டுக்காரரு பக்கவாதத்துல விழுந்துட்டாரு. வலது கையும் காலும் வராது, பேச்சும் போச்சு. ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்த அப்பிடியே பேங்க்ல வச்சுக்கிட்டு, வாரத்துல ரெண்டு நாள் காரு பிடிச்சு மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி பிசியோதெரபி பாத்தாக. மனுசன் தேறிட்டு வந்தாரு சார். டீச்சரம்மா பேர முழுசா சொல்ல வராது, "குரு, குரு"ம்பாரு. என்கிட்டயே அந்தம்மா சொல்லிச் சிரிச்சாக, கட்டி முப்பத்தஞ்சு வருசத்துல இப்பத்தான் பேரச் சொல்லிக் கூப்புடுறாருன்னு.

அவருக்காக ஒரு கக்கூஸ் நாற்காலி ஆன்லைன்ல வாங்குனாக. கொண்டு போயிக் குடுத்தது சீனிச்சாமி. அவரு ஸ்பின்னிங் மில்லுல இருபது வருசம் இருந்தவரு, மில்லு மூடவும் இந்த டெலிவரிக்கு வந்தாரு. நாப்பத்தேழு வயசு. பார்சல வாசல்ல வச்சுப்போட்டுப் போற ஆளு இல்ல. உள்ள தூக்கிட்டுப் போயி, நாலு காலையும் மாட்டி, திருகாணியெல்லாம் முடுக்கி, அந்தப் பெரியவரத் தூக்கி உக்கார வச்சு, ஆடுதான்னு பாத்துட்டுத்தான் வந்திருக்காரு. அந்த நல்லதுதான் அவருக்கு வினையாப் போச்சு.

அந்தப் பெட்டி என்கிட்ட வந்துச்சு. பில்லோட. பிரவீன் கைக்குப் போச்சு.

இருபது நாள் கழிச்சு டீச்சரம்மாவுக்கு ஒரு போனு. "குருவம்மாள் மேடங்களா? போன மாசம் பன்னெண்டாந்தேதி நாற்காலி வாங்குனீங்க, ஆர்டர் நம்பர் இது, விலை இது. அந்த நாற்காலியில காலு ஒடிஞ்சு ரெண்டு நோயாளி விழுந்துட்டாங்க மேடம். கம்பெனி எல்லாருக்கும் பணத்தத் திருப்பித் தருது. முடியாதவங்க யாரையும் அதுல உக்கார வைக்காதீங்க." எப்பிடி இருக்கு பாருங்க பேச்சு. அதுல உக்கார வைக்காதீங்கன்னு சொன்னவனத் திருடன்னு யாரு நினைப்பா? அந்தம்மா பதறிப் போயி முதல்ல அவரத் தூக்கிக் கட்டில்ல போட்டிருக்காக. பெறகு அவன் அனுப்புன லிங்க்கத் தொட்டு, பேங்க் விவரமெல்லாம் போட்டு, வந்த ஓடிபியச் சொல்லியிருக்காக. ஒருக்கா இல்ல, மூணுவாட்டி. போன வைக்கும்போது பேங்க்ல ஒண்ணும் இல்ல.

ஓடிபியச் சொல்லக் கூடாதுன்னு அவுகளுக்குத் தெரியாதா? தெரியும் சார். அங்கன்வாடிக்கு வர்ற தாய்மாருக்கெல்லாம் அவுகளே சொல்லிக் குடுத்திருக்காக. ஆனா அவன் தேதி சொல்றான், நம்பரு சொல்றான், வீட்டுக்குள்ள இருக்கிற நாற்காலியச் சொல்றான். கம்பெனிக்காரனத் தவிர வேற யாருக்கு அது தெரியும்?

யாருக்குத் தெரியும்னுதான் போலீசும் கேட்டுச்சு. டீச்சரம்மா யோசிச்சுப் பாத்து சீனிச்சாமி பேரச் சொல்லிட்டாக. வீட்டுக்குள்ள வந்த ஆளு, ஐயாவப் பாத்த ஆளு, போன் நம்பரு வச்சிருந்த ஆளு அவரு ஒருத்தருதான. ரெண்டு நாள் உக்கார வச்சு, போன வாங்கி நோண்டிப் பாத்தாக. ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாக. ஆனா அப்ப இருந்த டெலிவரி ஆபீசுல அவரு ஐடிய நிறுத்தி வேலைய விட்டு அனுப்பிட்டான். பார்சல் விவரத்த வெளிய வித்த ஆளுன்னு பேராகிப் போச்சு. தெருவுல அவரு வண்டி போனா பொம்பளைக கதவ லேசாச் சாத்துனாக.

நான் அப்பவே சொல்லியிருக்கலாம். அந்தப் பிரவீன் பயலுக்குப் போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். அதுக்குப் பெறகு அவன் வரவே இல்ல. இனிமே நாம வாயத் தொறந்தா அவனுக்குப் பதிலா நாமதான் உள்ள போகணும்னு நினைச்சேன். பொண்ணு வீட்டுல என்ன சொல்லுவாக, ஊருல எவன் என் கடைக்குப் பேப்பர் போடுவான். பயம் சார். வேற ஒண்ணும் இல்ல, வெறும் பயம்.

டீச்சரம்மா ஒரு நாள் இங்க வந்தாக. வீட்டுல கெடந்த பித்தளைப் பானைய எடைக்குப் போட. இந்தா நீங்க இருக்கீகளே, இதே எடத்துல நின்னு அழுதாக. மதுரைக்குப் போறத நிறுத்திட்டாகளாம். "அவரு 'குரு, குரு'ங்கிறதும் நின்னு போச்சு அண்ணாச்சி"ன்னாக. பெறகு கேட்டாக, "அந்தச் சீனிச்சாமி செஞ்சிருப்பானா? காலெல்லாம் மாட்டிக் குடுத்தானே, எனக்கு மனசு ஒப்பலையே"ன்னு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாரையும் நம்ப முடியல டீச்சர், காலம் அப்பிடி இருக்கு"ன்னேன். அந்தம்மாவுக்குச் சந்தேகம் இருந்துச்சு சார். அவரு செஞ்சிருக்க மாட்டாருன்னு ஒரு சந்தேகம். அத நான் அணைச்சுட்டேன். பானைக்கு எடைக்கு மேல போட்டுக் குடுத்தேன். அந்தப் பானை இன்னும் உள்ள கெடக்கு, நான் விக்கல.

அடுத்த வாரம் சீனிச்சாமி வந்து நிக்கிறாரு. "அண்ணாச்சி, ஊருல யாரும் வேலை தர மாட்டேங்குறாக. மூடை தூக்குறேன், அட்டை கட்டுறேன், என்ன குடுத்தாலும் சரி." நாளைக்கே வாங்கன்னுட்டேன். சம்பளமும் கூடத்தான் குடுத்தேன். பாக்கியம்கிட்ட பெருமையாச் சொன்னேன், ஊரே ஒதுக்குன ஆளுக்கு நான் வேலை குடுத்திருக்கேன்னு. அவ என்னைய ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிட்டா.

நாலு மாசம் சார். வந்த முதல் நாளே சொந்தக் காசுல ஒரு கறுப்பு மார்க்கர் வாங்கிட்டு வந்துட்டாரு. கட்டுக் கட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பெட்டியா எடுத்து, பேரையும் நம்பரையும் அடிச்சு அழிப்பாரு. "எதுக்குங்க இந்த வேலை, பேப்பர் மில்லுக்குப் போயி கூழாகப் போற அட்டை"ன்னேன். "கூழாகுற வரைக்கும் அது ஒருத்தரு வீட்டு வெலாசம் அண்ணாச்சி"ன்னாரு. சில பெட்டியப் பாத்துச் சிரிப்பாரு. "இந்த வீட்டம்மா மோரு குடுக்கும், இந்த வீட்டு நாயி மோசம்" அப்பிடிம்பாரு. எல்லா வீடும் அவருக்குத் தெரியும். எந்த வீடும் இப்ப அவர உள்ள விடாது. நான் கல்லாவுல உக்காந்து அதக் கேட்டுக்கிட்டு இருப்பேன். மத்தியானம் அவரு சோத்துப் போணியத் தொறந்து "ஒரு வாய் சாப்புடுங்க அண்ணாச்சி"ம்பாரு. அவரு சோத்துல கை வைக்க எனக்குக் கூசும்.

பொங்கலுக்குக் கடையச் சுத்தம் பண்ணுறப்ப பரண் மேல ஏறுனாரு. அங்க ஒரு பிஸ்கட் டப்பா. பிரவீன் கடைசியா வாங்காமப் போன லேபிளுக, ஒரு இருநூறு இருக்கும். நான் மறந்தே போனேன். இல்ல, மறக்கல. தூக்கிப் போட மனசு வரல, அவன் திரும்ப வந்தா காசாச்சேன்னு. சீனிச்சாமி ஏணியிலயே நின்னு ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தாரு. ஒரு கிழிசல் இல்ல, ஒரு கசங்கல் இல்ல. பாதிக்கு மேல அவரு கொண்டு போயிக் குடுத்த பார்சலு.

"இது என்ன அண்ணாச்சி?"ன்னாரு. "பழைய குப்பை"ன்னேன். பெறகு மெதுவாக் கேட்டாரு, "டீச்சர் வீட்டுது இதுல இருக்கா?"

"அது முந்தியே போயிருச்சு"ன்னேன்.

வாயில இருந்து அப்பிடியே வந்துருச்சு சார். இல்லைன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அவரு இறங்கி வந்து டப்பாவ மூடி என் கையில குடுத்தாரு. பாதியில இருந்த கட்டக் கட்டி முடிச்சாரு. கை காலக் கழுவுனாரு. சட்டைய மாத்திக்கிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. அந்த வாரச் சம்பளம் அப்பிடியே கல்லாவுல கெடக்கு. என்னைய நாலு சாத்து சாத்தியிருந்தாக்கூட அன்னைக்கு எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

டப்பாவ அன்னைக்குச் சாயங்காலமே எரிச்சுட்டேன். மிஷினையும் ஒடைச்சுட்டேன். இப்ப அவரு போயிச் சொன்னாலும் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவரு சொல்லவும் இல்ல. மூணு வாரமா வாசல்ல எந்த வண்டி நின்னாலும் போலீஸோன்னு எந்திரிச்சுப் பாக்குறேன். இப்ப நீங்க வந்து வண்டிய நிறுத்துனப்பவும் கல்லாவ விட்டு எந்திரிச்சுட்டேன். பாத்தா நீங்க, சீனிச்சாமி எப்பிடின்னு கேக்குறீக. கடைசியா வேலை பாத்த எடம்னு என் கடையப் போட்டிருக்காராமே. என் பேரையும் போட்டிருக்காராமே. மில்லுல மேஸ்திரியா இருந்தவுக இருக்காக, தெருவுல பெரிய மனுசருக இருக்காக. ஏன் சார் என் பேரப் போட்டாரு? என்கிட்டக் கேக்குறதுக்குன்னே உங்கள அனுப்பியிருக்காரு. வாய் தொறந்து அவரு கேக்கல, அவ்வளவுதான்.

இன்னும் ஒண்ணு இருக்கு. அத எம்பொண்டாட்டிக்கும் நான் சொன்னதில்ல. டீச்சரம்மா வெவரமானவுக சார். அவுக தம்பி மகன் சென்னையில கம்ப்யூட்டர் வேலையில இருக்கான், பெட்டியக் கழிக்கிறப்பப் பேரக் கிழிச்சுடுங்க அத்தைன்னு சொல்லி வச்சிருந்தான். அந்த நாற்காலிப் பெட்டிய எடைக்குப் போட வந்தப்ப, இந்த வாசல்ல வச்சுக் கிழிக்கப் போனாக. பில்லு உறைய நகத்தால நெம்பிட்டாக. நான்தான் தடுத்தேன். "கிழிக்காதீக டீச்சர், அட்டை வீணாப் போகும், எடை குறைஞ்சிரும்"னேன். லேபிளக் கிழிச்சா எடை குறையுமா சார்? காகிதம் அது. அந்தம்மா என் பேச்ச நம்பி, நெம்புன உறைய விரலால தடவி மறுபடி ஒட்டிக் குடுத்தாக.

சரி. தட்டுங்க சார். சீனிச்சாமி விக்கல, வித்தது பேப்பர் கடைக்காரன்னு போடுங்க. அப்பிடிப் போட்டா அவருக்கு வேலை கிடைச்சிரும்ல? பேரு வேணாம், கடைக்காரன்னு மட்டும் போடுங்களேன்.

போட முடியாதா? சொன்னவுக பேரும் நம்பரும் வேணுமா?

நம்பரு எதுக்கு சார்? நேர்ல வந்து பாத்துட்டீகல்ல, போதாதா. உங்க போன்ல ஏத்துனா அது எங்க போகும், எந்த ஊர்ல எவன் எடுத்துப் பாப்பான்னு உங்களுக்கே தெரியாது. முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட நம்பரக் குடுக்கிறது எனக்குப் பிடிக்காது, நான் யாருக்கும் குடுக்கிறதில்ல.

ஏன் சார் எழுதுறத நிறுத்திட்டீக. ஏன் அப்பிடிப் பாக்குறீக.

எழுதுங்க. தவசிலிங்கம். அப்பா பேரு பெரியகருப்பன். பழைய பேப்பர் கடை, கதவு எண் பதினாலு, சொக்கலிங்கபுரம், அருப்புக்கோட்டை. போன் நம்பர நிதானமாச் சொல்றேன், தட்டிட்டு ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டுங்க, ஒரு எண்ணு தப்பக் கூடாது. போலீஸ் கேட்டாலும் இதக் குடுங்க. அப்பிடியே போற வழியில திருச்சுழி ரோட்டுல டீச்சரம்மா வீட்டுலயும் குடுத்துட்டுப் போங்க. கூப்புட்டா எடுப்பேன்.